காஞ்சதும் காஞ்ச்சும்

எங்கள் பூஜையறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. பவளப்பாறை போலச் சுட்ட மண். அதன் குழிகளில் கடல் தண்ணீர் தேங்கினாற்போல் பச்சைக் கண்ணாடி. எந்தச் சாமி என்று கேட்பவர்களிடம், எங்கள் சித்தி செய்தது என்பேன்.

சித்தி மதுரைப் பக்கம். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு, கப்பலேறி எங்கள் தீவுக்கு, வண்டூருக்கு வந்தவர். கொல்லையில் சூளை வைத்து மண்ணில் பவளமும் சிப்பியும் செய்வார். ஒருநாள் கோயிலுக்குப் போகிற அவசரத்தில், பக்கத்து வீட்டு வங்காளி மாசியிடம், "காஞ்சத மட்டும் சூளையில வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாசிக்குத் தமிழ் அரைகுறை. ஊரில் எல்லாருக்கும் பொதுவான இந்தியில் காஞ்ச் என்றால் கண்ணாடி. கரையில் ஒதுங்கிய பாட்டில்களை உடைத்து, மண் பவளத்தின் குழிகளில் நிரப்பிச் சுட்டுவிட்டார்.

திறந்தால் குழியெல்லாம் பச்சை. பவளம் மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது.

"தும் ஹீ தோ காஞ்ச் போலா!" நீதானே காஞ்ச் என்றாய் என்று மாசி சண்டைக்கு வந்தார். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. பிளந்த துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று பிடித்த பிடிதான். மண்ணோடு கண்ணாடிப் பொடியைக் கலந்து, குழிகளில் கண்ணாடி நிரப்பினார். சூளைக்கு விபூதி பூசி மூடினார். ஒவ்வொரு தடவையும் வெடித்தது.

"மண்ணும் கண்ணாடியும் ஒட்டாதுடி, விடு" என்பார் சித்தப்பா.

"ஒட்ட வைக்கிறேன், பாருங்க."

அந்த விடுமுறையில் அப்பா என்னையும் சித்தியையும் மெயின்லாண்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நான் ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கப்பல் நாள் காலையில் அப்பா ஜீப்போடு வந்தார். முந்தைய நாள் மூட்டிய சூளை இன்னும் ஆறவில்லை. சித்தி அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அரே, ஜஹாஸ் சலா ஜாயேகா!" என்று மாசி கத்தினார்.

"கப்பல் போனா போகட்டும் மாசி. இது ஆறாம எந்திரிக்க மாட்டேன்."

நான் ரயிலுக்காகத் தரையில் புரண்டு அழுதேன். "நீ சொல்லேன்டா" என்று அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா போய், ஜீப்பில் ஏற்றியிருந்த சித்தியின் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு வந்து சித்தி பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று யாருமே கப்பல் ஏறவில்லை.

அப்பாவுக்கும் எனக்கும்தான் போகவர டிக்கெட்; சித்திக்குப் போக மட்டும். குழந்தை இல்லையென்று பேச்சு முற்றி, சித்தியைத் தாய்வீட்டில் விட்டுவரத்தான் அந்தப் பயணம் என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்தது.

மறுநாள் சூளையைத் திறந்தார்கள். ஒரு கீறல் இல்லை. முருகா என்று சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒட்டிக்கிச்சுடி, ஒட்டிக்கிச்சு" என்று சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணாடியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.