போன் நம்பர் கேட்கும் கட்டம்

மாற்றுத் துணி ஒன்றோடு மதுரைக்கு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்பை முழுசாக முடிக்கவில்லை. லாரியில் செங்கல் ஏற்றி இறக்கிச் சேர்த்ததைக் கொண்டு அவனியாபுரம் பக்கம் ஹாலோ பிளாக் போடும் களம் வைத்தேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோரும் கையை விரித்த இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தேன். வில்லாபுரத்தில் மாடி வீடு கட்டினேன். அதன் ஒவ்வொரு கல்லும் என் களத்துக் கல். இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். எங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி வந்தது நான் எழுதிய மனுக்களால். இதெல்லாம் தெருவுக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. என் வீட்டுப் போனின் வாயை அடைத்ததும் நான்தான். மேலே சொன்ன எதற்கும் எனக்கு அவ்வளவு மூச்சு வாங்கவில்லை.

போன் என் மனைவியுடையது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய அக்கா திருநகரில் தனியாக இருக்கிறார். தினமும் அக்கா குரலைக் கேட்டால்தான் இவளுக்குச் சோறு இறங்கும். ஆனால் அக்காவின் போனில் பாதி நாள் சார்ஜ் இருக்காது. பக்கத்து வீட்டுப் போன், மருந்துக்கடைப் போன் என்று கிடைத்ததில் கூப்பிடுவார். அதனால் எந்த நம்பர் வந்தாலும் இவள் எடுத்தாக வேண்டும்.

வந்ததெல்லாம் வேறு. ரிங் ரோடு பக்கம் பிளாட், பர்சனல் லோன், மலை ஊரில் ஓட்டல் மெம்பர்ஷிப். எங்கள் வீட்டில் ஹாலில்தான் டவர் கிடைக்கும். மணி அடிக்கும்போதெல்லாம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அங்கே போவாள். "வேண்டாம்ப்பா" என்று பட்டென்று வைக்கவும் தெரியாது. கடைசி வரை கேட்டுவிட்டு, "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பாள். அதைக் கேட்டு மறுநாளும் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் ஐந்தாவது அழைப்புக்குப் பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இனிமே இது கத்திக் கெடந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன். கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"எடுக்காத. யாரு கேக்கப் போறா?" என்றேன் நான். பெரிய யோசனை சொன்ன நினைப்பு.

மூன்றாம் நாள் காலையில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டு டீச்சரம்மா தன் போனிலிருந்து நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். லோன்காரன் என்று இவள் எடுக்கவில்லை. சாயங்காலம் டீச்சரம்மா ஐந்தாவது முறை அடித்தபோது நான் எடுத்துத்தான் விஷயம் தெரிந்தது. ஆட்டோ பிடித்துப் போனோம். அக்கா கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

"ஒன்னத்தான்டி கூப்பிடச் சொன்னேன். எடுக்கலையாமே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திருநகரிலிருந்து வில்லாபுரம் வரை என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். மறுநாள் அக்காவிடமிருந்து போன் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

அந்தப் போனை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதலில் கூப்பிட்ட ஆளைப் பிடித்துக் கத்தினேன். வைத்துவிட்டான், அரை மணியில் வேறு நம்பரில் வேறு ஆள். மத்தியானம் ஒரு பெண் பேசியது.

"வணக்கம் சார், பொருட்காட்சியில எங்க ஸ்டால்ல கூப்பன் போட்டிருந்தீங்க..."

"நானா? எவன் சொன்னான்?"

"கூப்பன் என் கையிலதான் சார் இருக்கு. பேரு, அட்ரஸ், வயசு, தொழில் எல்லாம் எழுதியிருக்கீங்க. எல்லாரும் பாதி கட்டத்தக் காலியா விட்டிருவாங்க. நீங்க ஒண்ணுகூட விடல. எழுத்தும் முத்து முத்தா இருக்கு சார்."

அந்த எழுத்து என்னுடையதுதான்.

இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வாலிபத்தில் தபால் ஆபீசில் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லிப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "எழுதத் தெரியாதவனெல்லாம் வரிசையில வந்து நின்னுக்கிறான்" என்றார் அவர். அன்றிலிருந்து சிலேட்டு வாங்கி, மறந்துபோன எழுத்தைத் திரும்ப எழுதிப் பழகினேன். அதற்குப் பிறகு என் கண்ணில் பட்ட எந்தப் படிவத்தையும் நான் சும்மா விட்டதில்லை. ஜவுளிக்கடைக் குலுக்கல், நகைக்கடை அட்டை, பொருட்காட்சிக் கூப்பன், எல்லாவற்றிலும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். ஆனால் என் நம்பருக்கு மேஸ்திரிகள் லோடு கேட்டுக் கூப்பிடுவார்கள். அதனால் போன் நம்பர் கேட்கும் கட்டத்தில் மட்டும் மனைவியின் நம்பரை எழுதினேன்.

"தாயி, நீ எந்த ஊரு?"

"கோரிப்பாளையம் சார்."

கால் ஆபரேஷனையும், அக்கா விழுந்ததையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"எங்க அத்தாவும் வயசானவருதான் அய்யா, இம்புட்டு போன் வந்தா அவருக்கும் கஷ்டந்தான். இந்தக் கூப்பன நான் கிழிச்சிடுறேன். ஆனா என்கிட்ட மட்டுமா இருக்கும்? பிளாக் பண்ணிட்டே இருந்தா தீராது. சிம் கம்பெனியில சொல்லி விளம்பர கால் வேண்டாம்னு பதிஞ்சிருங்க. சில நாள் ஆகும். அதுக்கப்புறமும் வந்தா நம்பர், தேதி, நேரம் குறிச்சு ஒடனே புகார் குடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"ஒன் பேரே எனக்குத் தெரியாதே தாயி."

சிரித்துவிட்டு வைத்தது.

அன்றே பதிந்தேன். ஒரு வாரத்தில் பாதி குறைந்தது. மிச்சத்துக்கு நோட்டுப் போட்டேன். நம்பர், தேதி, நேரம், என்ன விற்றான் என்பது வரை எழுதினேன். புகார்ப் படிவத்திலும் கட்டங்கள் இருந்தன. அதை நிரப்ப என்னை விட ஆள் உண்டா? ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நேரில் போய், என் கண்முன்னே நம்பரை அழிக்க வைத்தேன்.

தபால் தனிக்கதை. முன்பின் தெரியாத ஆசிரமங்களிலிருந்து குங்குமப் பொட்டலம் வைத்த கவர்கள் வரும். பிரசாதத்தைக் குப்பையில் போட என் மனைவிக்கு மனம் வராது; ஒரு செருப்புப் பெட்டி நிறைய வைத்திருந்தாள். "அதப் போயி செருப்புப் பெட்டியில வச்சிருக்கியே" என்று கேட்டதற்கு, "பெட்டி புதுசுதாங்க" என்றாள். கடைசியில் அவளே ஒரு சட்டம் போட்டாள்: பிரிக்காத வரைக்கும் அது வெறும் கவர். இப்போது பிரிக்காமலே 'வேண்டாம்' என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் துணி எடுக்கப் போனோம். கவுண்டர் பெண் போன் நம்பர் கேட்டது. தர மாட்டேன் என்றேன்.

"நம்பர் போடாம பில் வராது சார்."

"அந்தக் கட்டத்துல பத்து முட்டை போடு தாயி. வரும்."

வந்தது.

போன் ஓய்ந்ததும் அதை ஹாலில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்; நாலைந்து நாள் இருக்கும். இன்று காலையில் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. என் மனைவி வாக்கர் இல்லாமலே இரண்டு எட்டு வைத்து எடுத்துவிட்டாள்.

"மொத மணியிலயே எடுத்துட்ட?" அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"நீதான்னு தெரியும்க்கா. இப்ப வேற யாரும் கூப்புடுறதில்ல."

அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், மாவுக்கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் இவள் சொன்னாள்: "எல்லாம் அந்தக் கோரிப்பாளையத்துப் புள்ள செஞ்ச புண்ணியங்க்கா."

அந்தப் பெண்ணுக்கு உரியதை நான் குறைக்கவில்லை. நன்றாக இருக்கட்டும். ஆனால் பதிந்தது யார்? நோட்டுப் போட்டுப் புகார் எழுதியது யார்? கடைக்குக் கடை ஏறி இறங்கியது யார்? வினையை இழுத்து வந்தவனும் நான்தான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். தீர்த்து வைத்தவனும் நான்தான் என்பதை என் மனைவி அவள் வாயால் அக்காவிடம் சொல்ல வேண்டும். இன்றே சொல்ல வேண்டும். போன் இப்போது சும்மாதானே கிடக்கிறது.