எடைக்கு ஆபரேஷன் கேட்கப் போன நாள்

அந்த ஆஸ்பத்திரி அறையில் போட்டிருந்த நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை. எங்கே போனாலும் நாற்காலியின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் உட்காருவேன். அங்கே அளக்காமல் உட்கார்ந்தேன். எடை குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்க முதல் தடவையாகப் போயிருந்தோம். துணைக்கு வந்தவர் என் ஓரகத்தி, கணவரின் அண்ணி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காக்ஸ் டவுனில் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தோம்.

அப்போது எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. நான் பாடம் நடத்தும் வகுப்பு மாடியில். படியேறிப் போனால் மூச்சு அடங்கும்வரை பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டயட், நடை, கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. குறைந்த எடை கூடுதலாகத் திரும்பி வந்தது. ஆபரேஷன் என்றதும் மாமியார், "வாயக் கட்ட முடியாதவதான் வயித்த அறுத்துக்குவா" என்றார். அது எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

கன்னட ஊர் என்றாலும் டாக்டரம்மா தமிழ் பேசினார். எனக்காக அக்காதான் கேட்டார்: "இவ வாயக் கட்டல, அதான் இப்படின்னு எல்லாரும் சொல்றாங்க. நெஜமா டாக்டர்?"

"இல்லம்மா, இது ஒரு வியாதி. ஆனா ஆபரேஷன் மந்திரமும் இல்ல. மொதல்ல டெஸ்ட், அப்புறம் டயட்டீஷியன், கவுன்சலர். எல்லாம் சரியா இருந்தாத்தான் தேதி. அதுக்கப்புறமும் ஆயுசு பூரா அளவாத்தான் சாப்பிடணும், விட்டமின் மாத்திரைய விடக் கூடாது."

வியாதி என்ற சொல்லைக் கேட்டு யாராவது நிம்மதியடைவார்களா? நான் அடைந்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருவது பரிசோதனையில் தெரிந்தது. அதற்கு முகமூடி வைத்த கருவியோடு சில வாரம் தூங்கிப் பழகிய பிறகுதான் தேதி கொடுத்தார்கள். அந்த நாட்களில் வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் அக்கா, "அத்தே, டாக்டரே வியாதின்னுட்டாங்க. இனிமே அவ தட்டப் பாத்துப் பேசாதீங்க" என்று அடக்கிவிடுவார். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சர்க்கரை இறங்கியது. மாடி வகுப்புக்குப் போனதும் பாடத்தை நானே தொடங்குகிறேன்.

போன வாரம் சிவாஜிநகரில் துணி எடுத்துவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். முன்பெல்லாம் இரட்டை இருக்கையில் என்னை உட்காரவைத்துவிட்டு, "உக்காந்தா எனக்கு இடுப்பு வலிக்கும்" என்று அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றே வருவார். அன்று ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்பு வலி?" என்றேன்.

"அது எப்பவுமே இல்லடி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.