மஞ்சள் கோடு போடும் மெக்கானிக்

எங்கள் தெருமுனையில் ஸ்கூட்டர் மெக்கானிக் கடை வைத்திருப்பவரை எல்லாரும் மஞ்சக்கோடு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நட்டை முடுக்கியதும், நட்டையும் அதை ஒட்டிய இரும்பையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாகிவிடும். என் புது ஸ்கூட்டரில் அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்.

"வண்டி அழகே போச்சே அண்ணே."

"அழகு வேணும்னா ஷோரூம்லயே நிறுத்தி வைங்க தங்கச்சி. என் கை பட்ட வண்டில என் கோடு இருக்கும்."

ஆள் சரியான முசுடு. எனக்கும் வாய் சும்மா இருக்காது. இப்படியே நாலு வருஷம் ஓடியது.

நான் பத்திரிகைக்காரி. காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி ஒட்டி விற்ற ஒரு கம்பெனியைப் பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனிக் கிடங்கின் குமாஸ்தாதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குக் காகிதங்களைக் கொடுத்தவர். முதல் பாகம் வந்ததும் போனில் மிரட்டல் ஆரம்பித்தது. போலீசில் புகார் கொடுத்தேன். "பாத்துப் போங்க" என்றார்கள். அதைச் சொல்ல என் அம்மாவே போதும்.

இரண்டாம் பாகம் வந்த அன்று காலையில், காற்றடிக்க அவர் கடையில் நிறுத்தினேன். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கடைல விட்டீங்க?"

"எதை அண்ணே?"

"வண்டியத்தான். முன் சக்கரத்துல எவனோ கை வெச்சிருக்கான். என் வேலை பிடிக்கலன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியமா வேற யார்கிட்டயும் குடுக்கல."

நட்டின் மேலிருந்த பாதிக் கோடு எங்கேயோ திரும்பி நின்றது. இரண்டு விரலால் நட்டைத் தொட்டார். ஸ்பேனர் இல்லாமலே சுற்றியது. ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியிருந்தால் சக்கரம் தனி, நான் தனி. அவருக்குக் கோபம் போய் முகம் வெளுத்தது.

அடுத்த நிமிஷம் குமாஸ்தாவின் ஞாபகம் வந்தது. போன் செய்து, "வண்டிய எடுக்காதீங்க" என்று கத்தினேன். மெக்கானிக் கடையை அப்படியே போட்டுவிட்டு, என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தார். குமாஸ்தாவின் வண்டியிலும் அதே நட்டு கழன்று கிடந்தது. பின் சீட்டில் அவருடைய மகள் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக்தான் அவளைத் தூக்கி இறக்கிவிட்டார்.

கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் பிடிபட்டார்கள். வழக்குக்கு முக்கியச் சாட்சி மெக்கானிக். சாட்சி சொல்லக்கூடாது என்று கம்பெனியின் மற்ற ஆட்கள் அவர் கடையை அடித்து நொறுக்கினார்கள். நொறுங்கியதைக் கூட்டித் தள்ளிவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார்.

"நீங்களே சரியா முடுக்காம விட்டிருக்கலாமே?" என்று மடக்கினார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"முடுக்காத நட்டுக்குக் கோடு போட மாட்டேன் சார்."

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பக்கம் எழுதுகிற எனக்கு, "நல்லா இருங்க அண்ணே" என்பதற்கு மேல் வரவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அன்னிக்கு நீங்க வேற கடைக்குப் போயிட்டீங்கன்னு தப்பா நெனச்சிட்டேன் தங்கச்சி. மனசுல வெச்சுக்காதீங்க."