கூறை இறங்கும் வேகம்

சென்னையில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றவேண்டும். கொழும்பில் நாங்கள் சப்பாத்தோடு உட்கார்ந்துதான் படித்தோம். இங்கே அடையாறு பிரௌசிங் சென்டர் வாசலைப் பார்த்தால் உள்ளே அர்ச்சனை நடக்கிறது என்று நினைப்பீர்கள். வந்த புதிதில் சிரித்தேன். இப்போது கால் தானாகவே கழற்றுகிறது.

அன்று போனது ஒரு காரியமாக. தியாகராய நகர் பட்டுக்கடை ஒன்றுக்கு இணையப் பக்கம் செய்திருந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி வதனி தன் கல்யாணக் கூறைச்சேலையை அதில் பார்த்துத் தெரிவுசெய்வதாக ஏற்பாடு. அவளுடைய மோடத்திலோ பாதிச் சேலை வந்ததும் இணைப்பு அறுந்துவிடும். "இந்தக் கிழமையும் பாக்கேலாட்டி மாமியாக்கள் இங்கயே எடுக்கப் போகினமாம்" என்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள். எனக்கு விசா கிடைக்கவில்லை. கூறையாவது என் கையால் போகவேண்டும்.

அலுவலகக் கணினியில் பக்கம் பட்டென்று திறந்தது; படங்கள் அதற்குள்ளேயே இருந்தனவே. சென்டரில் சேலை மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. சென்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இன்னும் வந்துகினே கீது? பஸ் புடிச்சி கடைக்கே பூட்டு வந்துரலாம் போல."

அப்போதுதான் என் பிழை விளங்கியது. இணையப் பக்கத்தில் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக எழுதிவிட்டு, படமே சிறிதாகிவிட்டது என்று நம்பியிருந்தேன். உள்ளே அதே பெரிய கோப்பு. சேலையை மடித்தால் நிறை குறையுமா?

படத்தையே சிறிதாக்கிப் பட்டுக்கடை முதலாளியிடம் காட்டினேன். ஜரிகைக் கரை மண்நிறக் கோடாகிவிட்டது.

"பட்டுப்புடவைய பாஸ்போர்ட் சைஸ்லயா காட்டுவாங்க? யாரும்மா வாங்குவா?"

அவர் சொன்னது சரிதான். எங்களுக்கு அருகே கடை விற்பனையாளர் வெள்ளை மெத்தையில் சேலைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் மடிப்பு மட்டும்: கொஞ்சம் கரை, கொஞ்சம் முந்தானை. "பிரிங்க" என்று கேட்டால்தான் விரிப்பார். கொழும்பில், வெள்ளவத்தைக் கடையில் வதனிக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. எல்லாவற்றையும் என் தோளில் போட்டுப் பார்ப்பாள். "நீ அசையாம நில், அக்கா. நீதான் என்ர கண்ணாடி."

"முதல்ல மடிப்பை மட்டும் காட்டுவம். பிடிச்ச ஆக்கள் அதை அழுத்தினா விரியட்டும்" என்றேன்.

"நம்ம கடை மாதிரியேவா? பண்ணு."

விரித்த படங்களுக்கு ஆள் இல்லை. நானே தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பிறகு படங்களின் கனம் குறைத்தேன். முதலில் பின்னாலிருந்த சுவரை வெட்டினேன், அடுத்து என் முகத்தை, கடைசியில் மிஞ்சியதைச் சிறிதாக்கினேன்.

"மூஞ்சி இல்லாம நல்லாருக்குமாம்மா?"

"நீங்கள் விக்கிறது சேலையைத்தானே?"

முதலாளி சிரித்துவிட்டார்.

மறுநாள் வதனி தொலைபேசி எடுத்தாள்.

"வந்திட்டுது, அக்கா. முழுக்க வந்திட்டுது. அந்த அரக்குச் சிவப்பு எனக்கு." பிறகு கேட்டாள்: "அது உன்ர தோள்தானே? கையில கட்டின மணிக்கூட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டன்."

கூறை போய்ச் சேர்ந்தது. கல்யாணமும் நடந்தது. அசையாமல் நின்ற தோள் இப்போது ரொறன்ரோவில், அவள் கணினியில் இருக்கிறது. வெட்டாத படம், சிரிக்கும் முகத்தோடு, சென்னையில் என்னிடமே கிடக்கிறது. அனுப்பச் சொல்லிக் கேட்கிறாள். அது இன்னும் கனம். பாதி வழியில் அறுந்துவிடும்.