அக்காவுக்கு அட்டை செய்த கதை

என் அக்கா பெசன்ட் நகரில் இருக்கிறாள். நான் மயிலாப்பூரில். ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரம். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவள் பெண் கல்யாணத்தில், சம்பந்திகள் காதில் விழும்படி, "சாம்பார் ஊசிப்போயிருக்கு" என்று நான் சொன்னதுதான் காரணம். சாம்பாரில் ஒரு குறையும் இல்லை. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

இந்த நிலையில் அத்திம்பேருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, அறுபதாம் கல்யாணம் வந்தது. அழைப்பு வாட்ஸப்பில் வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லாமல். போகாமல் இருக்க முடியாது. போவதற்கு முன் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். வாயால் கேட்காமல் தப்பிக்க என்ன வழி என்று தேடியபோது, ராஜா அண்ணாமலைபுரத்தில் கையால் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுத்தருகிறார்கள் என்று தெரிந்தது. உடனே சேர்ந்துவிட்டேன்.

ஏசி அறை, நீள மேஜை, சுற்றி எட்டுப் பெண்கள். எல்லோருமே யாரிடமோ பேச வேண்டியதைப் பேசாமல் அங்கே வந்து உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. மேஜை மேல் ரப்பர் அச்சுகள்: பனிமனிதன், ஊசியிலை மரம், கழுத்தில் கம்பளி சுற்றிய நரி. எங்கள் பக்கத்தில் கழுத்தில் கம்பளி சுற்றுகிறவர்கள் மார்கழியில் வாக்கிங் போகும் மாமாக்கள் மட்டும்தான். அவர்களை யாரும் அச்சாகச் செய்யவில்லை. மாலை மாற்றும் தம்பதி உண்டா என்று கேட்டேன். கற்றுத்தரும் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பலூன் யூஸ் பண்ணுங்க ஆண்ட்டி. யுனிவர்சலா இருக்கும்" என்றாள்.

பலூனாவது மண்ணாவது. வீட்டுக்கு வந்து வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சிவப்பு மையில் தோய்த்து, பூப்பூவாகக் குத்தி இரண்டு மாலை செய்தேன். அட்டையில் வெள்ளைப் பசை பூசி, காய்வதற்குள் இட்லித் துணியை அழுத்தி எடுத்ததில் நெசவு மாதிரி மேடு பள்ளம் விழுந்தது. வகுப்பில் இதற்கு டெக்ஸ்சர் என்று பெயர். "இன்னிக்கு இட்லி உண்டா, இல்லே அதுவும் கலையா?" என்று கேட்டார் என் கணவர். கலை தெரியாதவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

உள்ளே எழுதத்தான் நாலு நாள் ஆனது. கடைசியில் "தப்பு என்னுடையதுதான்" என்று எழுதி, அது கண்ணில் படாதபடி மேலே ஒரு காகித மடலை ஒட்டினேன். மடலைத் தூக்கினால்தான் தெரியும். மன்னிப்பிலும் எனக்குக் கௌரவம் வேண்டியிருந்தது.

வகுப்பில் காட்டியபோது அந்தப் பெண், "ஓரமெல்லாம் ரொம்பப் புதுசா இருக்கே ஆண்ட்டி" என்று ஒரு பஞ்சையும் கறுப்பு மையையும் கொடுத்தாள். ஓரத்தில் ஒற்றினால் பழங்காலத்துக் களை வருமாம். வந்தது. அதே கையோடு கவருக்கும் நாலு ஓரமும் ஒற்றினேன்.

கூரியர் கடைக்காரர் கவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கினார். கலையை மதிக்கத் தெரிந்த மனிதர் என்று நினைத்தேன். "பெசன்ட் நகர் பக்கத்துல தான மேடம் கீது. இத்தப் போய் கூரியர்ல அனுப்பிக்கினு. நேர்ல ஒருவாட்டி போய் சொல்லிட்டு வந்துடலாமே" என்றார். இவர் யார் எனக்குப் புத்தி சொல்ல என்று கோபம் வந்தது.

மறுநாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "யாருடி போயிட்டா?"

எனக்குப் புரியவில்லை. "அவர் நன்னா இருக்காரா? யாருக்கு என்னாச்சுன்னு சொல்லித் தொலையேன்" என்றாள்.

மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீடுகளில் கறுப்பு ஓரம் வைத்து வருவது சாவுச் சேதி மட்டும்தான். படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும். வீட்டுக்குள் வைக்கக் கூடாது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? கலைக்கண் திறந்த வேகத்தில் மறந்துவிட்டது. விசேஷ வீட்டுக்குள் அது நுழையக் கூடாதென்று அக்காவின் மாமியார் வாசலிலேயே, பிரிக்காமலே, நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார். அனுப்பியவர் விலாசத்தை மட்டும்தான் அக்கா பார்த்திருக்கிறாள்.

"யாரும் போகலை. வாழ்த்து அட்டைதான் அனுப்பினேன்" என்றேன்.

அக்கா அழுதாள். அழுது முடித்ததும் பிடித்துக்கொண்டாள். "அறுபதாம் கல்யாணத்துக்கு எவளாவது கறுப்புக் கரை வச்சு அனுப்புவாளோ? நோக்கு மூளை இருக்கா?" நான் வகுப்புப் பெண்ணின் மேல் பழியைப் போடப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

"சரி, உள்ளே என்ன எழுதியிருந்தே?"

எந்த ஒரு வரியை வாயால் சொல்லாமல் தப்பிக்க இத்தனையும் செய்தேனோ, அந்த வரி குப்பையில் கிடந்தது. இனி வாய்தான் பாக்கி.

"தப்பு என்னோடதுதான்னு எழுதியிருந்தேன். சாம்பார் நன்னாத்தான் இருந்தது."



"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "கல்யாணத்தன்னிக்குக் காலம்பற ஆறு மணிக்கெல்லாம் ஆத்துக்கு வந்துடு. நோக்குப் புடவை எடுத்து, பிளவுஸ்கூடத் தைச்சு வச்சிருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே தையல்காரர். என் அளவு அவரிடம் இருக்கிறது. ஒரு பிளவுஸுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வார். அட்டையை நான் அனுப்பியது நேற்று.