அரிமளம் பக்கம் ஒரு ஜப்பான் வாளும் இரண்டு பூப்பொட்டலங்களும்

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, திருச்சியிலிருந்து அரிமளம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். கோயில் பார்க்க அல்ல, வாள் பார்க்க. ஒசாகாவில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது, பழைய வாள்களை அடையாளம் சொல்லும் ஒரு குழுவோடு சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கிறுக்கு இன்னும் தெளியவில்லை. அதைப் பற்றி ஒரு நண்பர் சொல்லக் கேட்டு, சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த முருகேசன், "எங்க வீட்ல ஒண்ணு இருக்குங்க சார், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

காலை ஆறரைக்கு பஸ் ஏறி எட்டு மணிக்குப் புதுக்கோட்டை. அங்கே நாற்பது ரூபாய்க்கு இட்லி. சாம்பார் தண்ணிதான், சட்னிக்காக மன்னிக்கலாம். அரிமளத்துக்கு டவுன் பஸ், சுமார் இருபது கிலோமீட்டர். அங்கிருந்து ஆட்டோ நூற்றைம்பது. வாள் பார்க்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அங்கிட்டு எறங்கி யார்ட்டயும் இதச் சொல்லிராதீங்க, ஊரே கூடிரும்" என்றார் ஆட்டோக்காரர்.

முருகேசனின் கொள்ளுத்தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்து கப்பலேறியபோது வாளைக் கொண்டுவந்தாராம். எப்படி என்று யாருக்கும் தெரியாது. இன்று அந்த வீட்டுக்கு அதுதான் கருப்பர். சாமி அறையில் நிமிர்த்தி வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தார்கள்.

சிங்கப்பூரில் ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறார், பழசுதான் என்று நிரூபித்தால் போதும் என்றார் முருகேசன். அவருடைய அண்ணன் மனைவி சித்ராவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. லாரி ஓட்டிய அவர் கணவர் இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலியில் போய்விட்டார். இருந்தவரை இந்த வாளைத் தொட்டுக் கும்பிடாமல் வண்டி எடுக்க மாட்டாராம்.

"அவுக தொட்ட எடத்தத்தான் நானும் தொட்டுக் கும்புடுறேன். இதையும் குடுத்துட்டா நான் எதைங்க தொடுறது?" என்று என்னிடம் கேட்டார்.

ஜப்பான் வாளின் ஜாதகம் பிடிக்குள் இருக்கிறது. ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியை உருவினால், உள்ளே இருக்கும் காம்பில் செய்தவர் பெயர் இருக்கலாம். பெயர் இல்லாவிட்டாலும் துருவின் நிறமே வயதைச் சொல்லும். நான் சுத்தியலை எடுத்ததும் சித்ரா கொழுந்தனிடம், "சாமியக் கழட்டுறதுக்கு உத்தரவு வாங்க வேணாமா தம்பி? பூக்கட்டிப் பாப்போம்" என்றார். முருகேசனால் மறுக்க முடியவில்லை.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. எடுத்ததில் வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் கிடையாது. சித்ரா கொல்லைக்குப் போய் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துவந்தார். அடுப்படியில் வைத்து இரண்டு வாழையிலைப் பொட்டலமாகக் கட்டி, ஒரு தட்டில் கொண்டுவந்து வாள் முன்னால் வைத்தார். "வெளியாளு நீங்க, நீங்களே எடுங்க சார்" என்றார் முருகேசன். வெள்ளை வரட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எடுத்தேன், பொய் சொல்வானேன். பிரித்தால் அரளி.

சரி, பிடியைத் தொடாமல் மற்றதைப் பார்த்தேன். பிடியில் சுற்றிய நாடாவுக்கு அடியில் திருக்கை மீன் தோல். பக்கத்தில் சாய்த்திருந்த உறை, ஜப்பான் பட்டாளத்து உறை. வாள் முழுக்கத் துருவும் திருநீறும். ஆனால் நுனியில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அமாவாசை தவறாமல் குத்திய எலுமிச்சையின் புளிப்பு, துருவைத் தின்று இரும்பைத் துலக்கிவிட்டிருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். விளிம்பை ஒட்டிப் பாலாடை போல ஒரு வெண்கோடு ஓடி, நுனியில் வளைந்து முதுகுப் பக்கம் திரும்பியது. மண் பூசிக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுத்த கைவேலை, சண்டைக்கென்று அவசரமாக அடித்த வாள்களில் இது அபூர்வம். பட்டாளத்து உறைக்குள் அதைவிடப் பழைய வாள் இருக்கிறது என்று என் மனசு அடித்துச் சொன்னது. மனசு சொன்னால் ஆயிற்றா, சாட்சி பிடிக்குள் அல்லவா இருக்கிறது.

முருகேசன் போன் பேச வெளியே போனார். என் கை சும்மா இருக்காது. தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் அரளி.

நிமிர்ந்தால் அடுப்படி வாசலில் சித்ரா. முகம் வெளுத்திருந்தது.

"இன்னொரு வாய் காப்பி தரட்டுமாங்க?" என்றார் மெல்ல.

"குடுங்கம்மா" என்றேன். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முருகேசன் திரும்பி வந்து, "என்ன சார், பழசுதானா?" என்றார்.

"நல்ல கைவேலைங்க. வயசு, பிடியைக் கழட்டினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அது இல்லாம வாங்குறவர் நம்ப மாட்டாரு" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் வாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருப்பரே இங்கிட்டுத்தான் இருப்பேன்னுட்டாரு. விடுங்க மதினி" என்றார். சித்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது திருமயத்தில் இறங்கிக் கோட்டை மேலே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்து போனால் காற்று நன்றாக இருக்கும். அந்தக் காம்பில் யார் பெயர் இருக்கும் என்ற அரிப்பு இன்னும் போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாள் மேல் கோபம் வரவே இல்லை.

இப்படி வாள் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெறுங்கையால் இரும்பைத் தொடாதீர்கள், பருத்தித் துணி கொண்டுபோங்கள். புளி, செங்கல்பொடி போட்டுத் தேய்க்க விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவினால் போதும். எலுமிச்சையைக் குத்தாமல் முன்னால் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், சித்ரா சம்மதித்துவிட்டார். அரிமளத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டிவரும், தண்ணீர் முக்கியம். வீட்டில் பூக்கட்டிப் பார்த்தால், ஒரு பொட்டலத்தை மட்டும் பிரியுங்கள்.