ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

என் கன்னத்தில் விழுந்த முதல் அறைக்குக் காரணம் ஒரு ஃப்யூஸ்.

அப்போது ஹைதராபாத்தில், மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். எனக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. என் கணவர் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் அதிகாரி. திருமுல்கேரியில் ஒரு ரிட்டயர்டு கர்னலிடமிருந்து அறுபதுகளில் செய்த கார் ஒன்றை ஆசையாக வாங்கி வந்திருந்தார். அழகான கார்தான். ஆனால் இடது பக்கம் திரும்பினால் ஹாரன் ஃப்யூஸ் போய்விடும். புதிது போட்டால் அடுத்த இடது திருப்பத்தில் அதுவும் போகும். அவர் கதவை உதைப்பார், ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் எறிவார். சார் கொஞ்சம் கோபக்காரர் என்று அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். உதை வாங்குவது காராக இருந்தவரை எனக்கும் சிரிப்புதான்.

ஒரு ஞாயிறு காலை அவர் குளிக்கப் போனபோது, சின்ன பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி நானே சோதித்துப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் ஹாரனுக்குப் போகும் ஒயரும் ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒன்றாக ஓடின. இடது பக்கம் ஒடித்தால் பேட்டரி ஒயர் இரும்பில் உரசியது. மேலுறை தேய்ந்திருந்தது.

குளித்து வந்தவர் ஃப்யூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கினார்.

“ஃப்யூஸ் போறதே நல்லதுக்குத்தாங்க. கம்பி போட்டா ஒயர் எரியும்,” என்றேன்.

அறைந்தார். காது அடைத்துக்கொண்டது.

“ஏட்டி, நீ கம்ப்யூட்டர் தட்டுத வேலையப் பாரு. எனக்குச் சொல்லித் தர வராத.”

நான் அழவில்லை. எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதல் அறையைக் கோபம் என்பார்கள். இரண்டாவது விழுந்தால் அது குடும்ப வழக்கம். அது விழக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

சாயங்காலம் லாலாகுடா பக்கம் உறவினர் வீட்டுக்குக் கிளம்பினோம். இடது பக்கம் ஒரு குறுகிய தெருவில் திரும்பியதும் ஸ்டீயரிங் அடியிலிருந்து புகை வந்தது. உருகிய ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன போலும். ஹாரன் அலறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு சாவு ஊர்வலம்.

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். ஹாரனுக்கும் சாவிக்கும் சம்பந்தமில்லை. ஸ்டீயரிங்கைக் குத்தினார். பாடைக்குப் பின்னால் வந்தவர்கள் திரும்பி வந்து பானெட்டில் அறைந்தார்கள். ஒருவன் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

“சாவு கனபடத லேதாரா நீக்கு?” சாவு கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டபடியே வாயில் குத்தினான். இன்னொருவன் முதுகில் மிதித்தான்.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். பேட்டரியைக் கழற்றினால் போதும், ஸ்பேனர் என் காலடியிலேயே கிடந்தது. நான் உடனே எடுக்கவில்லை. இன்னும் ரெண்டு வாங்கட்டும் என்றிருந்தது. வாங்கினார். பிறகு இறங்கி, பானெட்டைத் தூக்கி, பேட்டரி ஒயரைக் கழற்றினேன்.

ஹாரன் நின்றது. அடித்தவர்கள் கையை இறக்கினார்கள். யாரோ அழும் சத்தம் அப்போதுதான் கேட்டது. எல்லோரும் பாடையோடு முன்னால் நடந்தார்கள்.

அவர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இம்புட்டு நேரம் உள்ள உக்காந்து என்னட்டி பண்ணிக்கிட்டிருந்த?”

அத்தனை பேர் அடித்தபோது உயராத கை, எனக்கு முன்னால் உயர்ந்தது. ஸ்பேனரால் அந்த மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். விறகு முறிகிற சத்தம் கேட்டது. அவர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எப்படி முறிந்தது என்று டாக்டர் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, பானெட் விழுந்துவிட்டது என்றார்.

“பானெட் இல்ல டாக்டர்,” என்றேன். “என்னை அடிக்கக் கை ஓங்கினாரு. நான்தான் அடிச்சேன்.”

அவர் மறுக்கவில்லை. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை என் பக்கம் உயரவில்லை.